ஏர் ரைபிளின் உதையைக் குறைக்க: பிஸ்டனை இழைக்கும் முன் படியுங்கள்

ஒகேனக்கல்லில் பரிசலில் போகும்போது யாராவது எழுந்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்தால், பரிசல் எதிர்ப்பக்கம் நழுவும். பரிசல்காரர் அதட்டுவார். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. ட்ரிகரை இழுத்ததும் அமுங்கியிருந்த ஸ்பிரிங் தள்ள, காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, ரைபிள் பின்னால் நழுவுகிறது. கடைசியில் பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்ட காற்று அதை மெத்தை போலத் தடுக்கும். அப்போது ரைபிள் முன்பக்கம் வெட்டும். குண்டு நகரத் தொடங்குவதே பிஸ்டன் ஓட்டத்தின் கடைசியில்தான். அதாவது குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் இடம் மாறியிருக்கும்.

நான் ஓசூர் சிப்காட்டில் 22 வருஷம் டூல்ரூம் ஃபிட்டர். இப்போது காவேரிப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லேத் போட்டிருக்கிறேன். .177 அங்குலக் குழல் ரைபிளில் 10 மீட்டரில் காகித இலக்கை மட்டும் சுடுவேன். மாந்தோப்பில் கிளி தொல்லை என்று கேட்டு வருகிறவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுவேன்.

முதலில் எடை போடுங்கள். நகைக்கடைகளில் இருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். என் ரைபிளில் பிஸ்டன் 230 கிராம், ஸ்பிரிங் 110 கிராம். ஸ்பிரிங்கின் ஒரு முனை அசையாமல் நிற்பதால் அதில் பாதி எடையை மட்டும் சேர்க்க வேண்டும்: 55. ஆக, ஓடுகிற எடை 285 கிராம். பிஸ்டன் ஓடும் தூரம் 80 மில்லிமீட்டர், ரைபிளின் மொத்த எடை 3.4 கிலோ. 285-ஐ 80-ஆல் பெருக்கி 3400-ஆல் வகுத்தால் 6.7 வரும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கையோ தோளோ தடுக்காவிட்டால் ரைபிள் அத்தனை மில்லிமீட்டர் பின்னால் போகும். ஸ்பிரிங் பலமாக இருந்தால் உதை வேகமாக வரும், ஆனால் நழுவும் தூரம் மாறாது. அது எடையின் கணக்கு.

இந்தக் கணக்கைப் போட்டதும் எனக்குக் கை அரித்தது. லேத் சும்மா இருக்கிறதே என்று பிஸ்டனின் பாவாடைப் பகுதியில், அதாவது ஸ்பிரிங்கைச் சுற்றியிருக்கும் உருளைச் சுவரில், 40 கிராம் கடைந்தெடுத்தேன். நழுவல் 5.8 ஆக இறங்கியது, தோளில் மெத்தென்று இருந்தது. ஆனால் இலக்கில் ஓட்டைகள் பரவின. காரணம், லேசான பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி அதிகமாகத் துள்ளித் திரும்பும். அந்தத் துள்ளலும் குண்டு குழலில் போகும் நேரமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. கடைந்த இரும்பை ஒட்டவா முடியும்?

பிஸ்டனுக்குள் ஸ்பிரிங்கின் முனையில் உட்காரும் தொப்பி போன்ற துண்டு உண்டு, டாப் ஹேட் என்பார்கள். அதைக் கொஞ்சம் கனமாகக் கடைந்து 20 கிராம் திரும்பச் சேர்த்தேன். தொப்பியின் விளிம்பைத் தடிமனாக்காதீர்கள், தண்டைத்தான் கனமாக்க வேண்டும். விளிம்பு தடித்தால் ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கும், சக்தி ஏறும். நம் ஊரில் லைசென்ஸ் வேண்டாத ஏர் ரைபிளுக்கு வரம்பு 20 ஜூல். குண்டின் வேகத்தைக் குரோனோகிராஃபில் பார்த்துவிடுங்கள்: 0.53 கிராம் குண்டு வினாடிக்கு 200 மீட்டர் போனால் சுமார் 10.6 ஜூல். காகிதத்துக்கு அதுவே அதிகம். இன்னொன்று, ஸ்பிரிங் சுருள்கள் முட்டிக்கொண்டால் ட்ரிகர் பூட்டிக்கொள்ளாது.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் பிஸ்டனைத் தொடவே மாட்டேன். ரைபிளைப் பிடிக்கும் கட்டையான ஸ்டாக்கின் உள்ளே குழி இருந்தால் அதில் 400 கிராம் ஈயத்தைத் துணியில் சுற்றி ஆடாமல் அடைத்துவிடலாம். 285-ஐ 80-ஆல் பெருக்கி இப்போது 3800-ஆல் வகுங்கள்: 6.0. பிஸ்டனைக் கெடுத்துக் கிடைத்ததில் பெரும்பகுதி, எதையும் கெடுக்காமலே. பிடிக்கவில்லையென்றால் ஈயத்தை வெளியே எடுத்துவிடலாம். ஜெர்மன்காரர்கள் இதற்கு வேறு வழி பார்த்தார்கள். ஃபைன்வெர்க்பாவ் 300-இல் இயந்திரப் பகுதி முழுவதும் ஸ்டாக்கின் மேல் சறுக்கும். டயானா 75-இல் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடி ஒன்றின் உதையை மற்றது கழித்துவிடும். என் லேத்துக்கு அதெல்லாம் எட்டாது.

பிரிக்கும்போது அவசரம் வேண்டாம். குழலில் குண்டு இல்லை என்று பாருங்கள். ரைபிளை லோட் செய்யாமல் வைத்திருந்தாலும் ஸ்பிரிங் உள்ளே சில சென்டிமீட்டர் அமுங்கித்தான் இருக்கும். நீளமான கிளாம்ப்பில் பிடித்து, முகத்தை நேர்க்கோட்டில் வைக்காமல், மெதுவாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது ஸ்பிரிங்குக்கு மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்) மெல்லிசாகப் போதும். காற்று கசியாமல் தடுக்கும் பிஸ்டன் சீலுக்கு முன்னால் எண்ணெய் விட்டால் டீசல் எஞ்சின் மாதிரி வெடிக்கும், சீல் போய்விடும். குண்டு இல்லாமல் சுட்டுப் பார்ப்பதும் அப்படித்தான், மெத்தையாக நிற்க வேண்டிய காற்று வெளியே ஓடிவிடும், பிஸ்டன் நேரே போய் இடிக்கும்.

அப்புறம் பிடிமானம். பரிசலை இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் திரும்பும். ரைபிளின் முன்பகுதியைத் திறந்த உள்ளங்கையில் வெறுமனே கிடத்துங்கள், அது நழுவட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கிடக்க வேண்டும். நான் ஸ்டாக்கில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். எடையை மாற்றிய பிறகு அந்தக் கோடு ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்தது. ஈயம் அடைத்தவர்கள் பழைய இடத்திலேயே பிடித்துவிட்டு ரைபிளைத் திட்ட வேண்டாம்.