சிர்கோனியா பல்லு கேப்ல மேல் செராமிக் பேந்துட்டா பாண்டிங்க மட்டும் திட்டாதீங்க

பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர்னு எந்த கிளினிக்ல இருந்து கேப் லேபுக்கு திரும்பி வந்தாலும் சீட்டுல ஒரே வரிதான் இருக்கும், "பாண்டிங் சரியில்ல", அதாவது உள்ள இருக்கிற வெள்ளை சிர்கோனியாக் கூடும் மேல பூசுன செராமிக்கும் சரியா ஒட்டலன்னு. முதல் தப்பே அதுதான். உடைஞ்ச இடத்தை லென்ஸ் வச்சு பாருங்க தம்பிமாரே. சிர்கோனியா மேல மெல்லிசா செராமிக் தோலு மிச்சம் இருந்தா பிடிப்பு நல்லாத்தான் நிக்குது, செராமிக்தான் தனக்குள்ளயே பிளந்திருக்கு. வெறும் சிர்கோனியா மொழுக்குனு தெரிஞ்சாத்தான் பாண்டிங் போச்சுன்னு அர்த்தம். வாயில பேந்து வர்றது பெரும்பாலும் முதல் ரகந்தான்.

சிர்கோனியா 900, 1000 மெகாபாஸ்கல் வரை தாங்கும், மேல போடுற செராமிக் 100 பக்கத்துலயே கைய விரிச்சிரும். இது தெரிஞ்சும் என்ன செய்யுதோம், கோப்பிங்கை, அதான் அந்த உள்கூட்டை, எல்லா இடத்துலயும் 0.5 மில்லிமீட்டர்னு ஒரே கனத்துல மில் பண்ணிட்டு, மிச்சத்தை எல்லாம் செராமிக்கை அள்ளிப் பூசி ரொப்புதோம், கடவாப்பல்லு முனையில 2 மில்லிக்கு மேல அடித்தாங்கல் இல்லாம நிக்கும், ஆளு பனங்கிழங்கை கடிச்சு இழுத்தாரு, முனை போச்சு. கோப்பிங்கையே பல்லு வடிவத்துல டிசைன் பண்ணுங்க, மேல 1, 1.5 மில்லி சீரா வந்தா போதும்.

அடுத்தது செராமிக்கை சுடுற ஃபர்னஸ். கடைசி சூட்டுல பஸ்ஸுக்கு பார்சல் கொடுத்துவிடணும்னு அவசரப்பட்டு கதவைத் திறந்து வெளிய எடுத்து வைக்கிறது. மெட்டல் கேப்னா சூடு சட்டுனு பரவிரும், சிர்கோனியா சூட்டை லேசுல விடாது. வெளித்தோல் முதல்ல இறுகிரும், உள்ள இன்னும் கொதிக்கும், அப்புறம் உள்பக்கம் சுருங்கப் பாக்கும்போது வெளித்தோல் விடாது, அந்த இழுவை அப்படியே உள்ள தங்கிரும். எரியுற அரிக்கேன் சிம்னில தண்ணி தெறிச்சா அப்பவே விரியும், இது மாசக்கணக்குல காத்திருந்து பேரும். கனமான கேப்புக்கு இன்னும் நிதானமா ஆற விடுங்க, செராமிக் பவுடர் கம்பெனி ஷீட்ல ஸ்லோ கூலிங்னு போட்டிருக்கிறது அழகுக்கு இல்ல.

மெட்டலுக்கு வாங்குன பவுடரை சிர்கோனியால போடுற ஆளும் இருக்காங்க, கேட்டா எல்லாம் செராமிக்தானேங்குதாங்க! சூட்டுல விரியுற கணக்கு (ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு) சிர்கோனியாவுக்கு 10.5 சுத்தி, அதுக்கான பவுடர் அதைவிட கொஞ்சம் கம்மியா இருக்கும், அப்பத்தான் ஆறும்போது செராமிக் அமுக்கத்துல நிக்கும். மெட்டல் பவுடர் 12க்கு மேல, இழுவையிலயே வெடிச்சிரும்.

செராமிக் பூசுற லேயரிங்குக்கு முன்னாடி பிடிப்பு வரட்டும்னு சிர்கோனியா மேல துகளைப் பீச்சி ஓங்கி சேண்ட்பிளாஸ்ட் அடிக்காதீங்க, மேல்பரப்புல படிகம் மாறிரும், மாறுன படிகம் விரியுறதும் வேற அளவு.

டாக்டர்மாருக்கும் ஒண்ணு. கடி உயரமா இருக்குனு டயமண்ட் பர்ல (உரசுற முனை) தண்ணி இல்லாம உரசி அப்படியே விட்டுட்டா, அமுக்கத்துல இருந்த வெளித்தோல் போயி உள்ள இருக்கிற இழுவை வெளிய வந்துரும், அந்தக் கோட்டுலதான் விரிசல் கிளம்பும். மெல்லிசு பர், தண்ணி, அப்புறம் பாலிஷ். கடவாப்பல்லுக்கு மேல் செராமிக்கே வேண்டாம், முழு சிர்கோனியாவே போடச் சொல்லுங்கன்னுதான் நான் சொல்லுவேன். கேப்பை பல்லுல ஒட்டும்போது உள்பக்கத்துக்கு ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் போடுறது வீண்வேலை, அதுல அரிக்கிறதுக்கு கண்ணாடியே இல்ல. எச்சி பட்டுட்டா பாஸ்பாரிக் ஆசிட்டும் வேண்டாம், பாஸ்பேட் ஒட்டிக்கிட்டு எம்டிபி பிரைமருக்கு (சிர்கோனியாவைப் பிடிக்க ஒட்டுறதுக்கு முன்னாடி பூசுற திரவம்) இடம் விடாது. லேசா பிளாஸ்ட் அடிச்சு, பிரைமர் போட்டு ஒட்டுங்க.