மைலேஜைத் தின்னும் பழக்கங்கள்

கடலூரில் கார் வைத்திருக்கும் பலருக்கு புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டினால்தான் பெட்ரோல் போட மனசு வரும். புதுச்சேரியில் வரி குறைவு, விலையும் குறைவு. பாண்டிக்கு வேலையாகப் போகும்போது போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. அதற்கென்றே வண்டியை எடுப்பதுதான் வீண். லிட்டருக்கு 4 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். 30 லிட்டருக்கு 120 ரூபாய். போக வர 20 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் காரில் அந்த 120 ரூபாயும் வழியிலேயே எரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய மிச்சம் காலடியில் இருக்கிறது. அரியாங்குப்பம் பாலத்திலிருந்து இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். எரிபொருள் போவது கிட்டத்தட்ட நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். இன்ஜின் பிடிமானமும் போய், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டியதாகிவிடும்.

இன்னொன்று, சிக்னல் சிவப்பில் இருப்பது தூரத்திலேயே தெரிந்தும் கிட்டே வரை விரட்டிப்போய் பிரேக் அடிப்பது. காசு கொடுத்து வாங்கிய வேகம் பிரேக்கில் சூடாகிப் போகிறது. இந்திரா காந்தி சிலை சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் இன்ஜினை அணைத்துவிடலாம். கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுவதைப் பற்றி மெக்கானிக்கே போதுமான அளவு திட்டியிருப்பார்.

அப்புறம் காற்று. பங்க்கில் “எவ்வளவுண்ணே?” என்று கேட்டால் “எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு வைப்பா” என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறோம். சரியான அளவு, டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள எண் உச்ச வரம்பு. அதை வைத்துக் காற்று பிடிக்கக் கூடாது. டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே பார்ப்பது நல்லது. ஈ.சி.ஆரில் ஓடிவிட்டு வந்து பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும்.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் எகிறும் என்பதை அவ்வளவாக நம்ப வேண்டாம். இன்றைய பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்தால் முதலில் குறைவது இழுவைதான். ஆனாலும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மைலேஜ் பார்க்க டிஸ்ப்ளேயை மட்டும் நம்பாதீர்கள். டேங்க் நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். இரண்டு முறையும் ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். “ரவுண்டா ரெண்டாயிரம் ஆக்கிடுங்க” என்று கழுத்து வரை ஊற்றினால் கணக்கும் தப்பும், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள்ளும் பெட்ரோல் இறங்கிக் கெடுத்துவிடும்.