தாரா, ராக்ஸா? ஒரு முழத்தை அளந்து முடிவெடுக்கும் வழி

ஷோரூமில் "த்ரீ டோர் வேணுமா, ஃபைவ் டோர் வேணுமா?" என்று கேட்பார்கள். குழம்ப வேண்டாம். டிக்கிக் கதவையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஆக, பக்கத்துக்கு ஒரு கதவு உள்ள வண்டி த்ரீ டோர், பக்கத்துக்கு இரண்டு உள்ளது ஃபைவ் டோர்.

இந்தியாவில் இந்தக் கேள்வி பெரும்பாலும் மஹிந்திராவின் ஜீப் வகை வண்டிகளான தார் (த்ரீ டோர்), தார் ராக்ஸ் (ஃபைவ் டோர்) இரண்டையும் வைத்துத்தான் எழுகிறது. முதலாவதின் இப்போதைய தலைமுறை 2020-இல் வந்தது, இரண்டாவது 2024 ஆகஸ்டில். ஃபோர்ஸ் கூர்காவிலும் இரண்டு வடிவம் உண்டு. மாருதி ஜிம்னி இங்கே ஃபைவ் டோராக மட்டுமே கிடைக்கும். அதன் குட்டி த்ரீ டோரைக் குருகிராமில் தயாரிக்கிறார்கள், ஆனால் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆசைப்பட்டுப் பயனில்லை.

கதவு கூடும்போது கூடவே நீள்வது வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலுள்ள தூரம். தாருக்கு 2450 மி.மீ., ராக்ஸுக்கு 2850 மி.மீ. வித்தியாசம் 400 மி.மீ. கூர்காவில் இது 2400, 2825. ஏறக்குறைய ஒரு முழம். அந்த ஒரு முழம் உங்களுக்கு உதவுமா, இடைஞ்சலா என்று கண்டுபிடித்துவிட்டால் கதவுக் கணக்கு தானாக முடிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் கீழே. தேவையானவை: ஒரு இஞ்ச் டேப், ஒரு வெள்ளைத்தாள், பாகைமானி, வீட்டில் வயதானவர் ஒருவர்.

படி 1: பின் சீட்டில் யார் என்று எழுதுங்கள்

கடந்த ஒரு மாதத்தில் இப்போதைய வண்டியின் பின் சீட்டில் யாரெல்லாம் உட்கார்ந்தார்கள் என்று யோசித்து எழுதுங்கள். ஆசைப்பட்டியல் வேண்டாம், நடந்தது மட்டும். "நாங்க ரெண்டு பேர்தான்" என்று சொல்பவர்கள் எழுத ஆரம்பித்ததும் மாமியார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஊருக்குப் போகும்போது ஏறிக்கொள்ளும் சித்தப்பா என்று பட்டியல் நீளும்.

த்ரீ டோர் தாரில் மொத்தம் நான்கு பேர், பின்னால் இரண்டே பேர். ராக்ஸில் ஐந்து பேர். கூர்கா த்ரீ டோரில் நான்கு, ஃபைவ் டோரில் ஏழு. பட்டியலில் வாரா வாரம் மூன்றாவது ஆள் பின்னால் வருகிறார் என்றால் மற்ற படிகளைப் பொழுதுபோக்காகப் படித்துக்கொள்ளலாம், முடிவு வந்துவிட்டது.

அதே தாளின் மறுபக்கத்தில், வண்டியை எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். தோட்டத்துக்குப் போகும் மண்பாதை, எஸ்டேட் சாலை, ஆஃப்ரோடு (சாலையில்லாத கரடுமுரடான இடத்தில் ஓட்டுவது) கிளப்பின் தனியார் தடம், இப்படி. காப்புக்காட்டை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அனுமதியில்லாமல் அங்கே வண்டியை விடுவது குற்றம், எத்தனை கதவு என்று வனத்துறை கேட்காது.

படி 2: ஏறி இறங்கிப் பாருங்கள்

ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். அம்மாவையோ அப்பாவையோ அழைத்துப் போங்கள், புடவையோ வேட்டியோ கட்டியிருந்தால் இன்னும் நல்லது.

த்ரீ டோரில் பின்னால் ஏற, முன் சீட்டின் பக்கத்திலுள்ள நெம்பியை இழுக்க வேண்டும். சீட் மடங்கி முன்னால் நகரும். பிறகு பக்கவாட்டுப் படியில் ஒரு காலை வைத்து, தலையைக் குனிந்து, இன்னொரு காலை உள்ளே விட்டு, உடம்பைத் திருப்பி உட்கார வேண்டும். இருபது வயதில் இது விளையாட்டு. மூட்டு வலி உள்ளவருக்கு இரண்டாம் கட்டத்திலேயே முடிந்துவிடும். இறங்கும்போது இன்னும் சிரமம், கால் தரையைத் தேடும். இதை ஒருமுறை செய்யச் சொல்லி, அவர்கள் முகத்தைப் பாருங்கள். "பரவாயில்லப்பா, நான் முன்னாலயே உக்காந்துக்கிறேன்" என்று வந்தால் அது த்ரீ டோருக்கு எதிரான ஓட்டு.

ராக்ஸிலும் வண்டி உயரம்தான், ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் நேராக ஏறி நேராக உட்காரலாம். அதன் பின் கதவுக் கைப்பிடி வழக்கமான இடத்தில் இல்லை, ஜன்னலை ஒட்டிய தூணில் செங்குத்தாக உயரத்தில் இருக்கும். சின்னப் பிள்ளைக்கு எட்டாது, நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். கைக்குழந்தை இருந்தால் குழந்தை சீட்டையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். த்ரீ டோரில் பெற்றோர் பாதி உடம்பை உள்ளே நுழைத்து, முதுகை வளைத்து பெல்ட்டை மாட்ட வேண்டியிருக்கும். மழை பெய்தால் மீதிப் பாதி உடம்பு நனையும்.

இன்னொன்று, த்ரீ டோர் தாரின் பின் ஜன்னல் கண்ணாடி இறங்காது. மலைப்பாதையில் தலைசுற்றல் வரும் ஆள் வீட்டில் இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

படி 3: நிறுத்தும் இடத்தை டேப் வைத்து அளங்கள்

தார் நீளம் 3985 மி.மீ., அகலம் 1820. ராக்ஸ் 4428 நீளம், 1870 அகலம். வீட்டுக் கேட்டுக்குள் அளந்து பாருங்கள். இரண்டிலும் டிக்கிக் கதவு ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும், ஆகவே பின்சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நின்று கதவை வீசித் திறக்க இடம் வேண்டும். அது இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் வண்டியை வெளியே எடுத்துத்தான் பையை இறக்க முடியும்.

பலரும் கவனிக்காத ஒன்று: த்ரீ டோரின் கதவு நீளமானது. குறுகலான அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்து வண்டியை உரசாமல் அதைத் திறப்பது ஃபைவ் டோரின் சின்னக் கதவைவிடக் கஷ்டம். சின்ன வண்டிதானே, நெருக்கமான இடத்துக்கு ஏற்றது என்று நினைத்து வாங்குபவர்களுக்கு இங்கேதான் ஏமாற்றம். முன் சீட்டின் பெல்ட்டும் தோளுக்கு வெகு பின்னால் இருக்கும், திரும்பி எட்டி எடுக்க வேண்டும்.

படி 4: வயிற்றுக் கோணத்தை வரைந்து பாருங்கள்

"ஆஃப்ரோடுக்குத் த்ரீ டோர்தான் சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த அளவுக்கு உண்மை என்று நீங்களே சரிபார்க்கலாம்.

கரடுமுரடான பாதையில் மூன்று கோணங்கள் முக்கியம். முன் பம்பர் இடிக்காமல் ஏறும் கோணம், பின் பம்பர் இடிக்காமல் இறங்கும் கோணம், நடுவே வயிறு தட்டாமல் ஒரு மேட்டைத் தாண்டும் கோணம். மூன்றாவதை பிரேக்ஓவர் ஆங்கிள் என்பார்கள்.

தாள் எடுங்கள். நிஜத்தில் 10 செ.மீ. இருந்தால் தாளில் 1 செ.மீ. என்று கணக்கு. 24.5 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள், அதுதான் தாரின் வீல்பேஸ். அதன் நடுப்புள்ளியிலிருந்து 2.26 செ.மீ. மேலே ஒரு புள்ளி வையுங்கள். தாரின் தரை இடைவெளி 226 மி.மீ., அதுதான் இது. கோட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் அந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தால் ஒரு தட்டையான கூரை கிடைக்கும். அடிக்கோட்டிலிருந்து இரண்டு சரிவும் எழும் கோணங்களைக் கூட்டினால் சுமார் 21 டிகிரி வரும். இப்போது அடிக்கோட்டை 28.5 செ.மீ. ஆக்கி, உயரத்தை மாற்றாமல் அதையே மறுபடி வரையுங்கள். 18 டிகிரிதான் வரும். உயரம் அப்படியே இருந்தும், வண்டி நீண்டதற்காக மட்டும் 3 டிகிரி போய்விட்டது.

நிறுவனம் சொல்லும் எண்கள் இதைவிடப் பெரிதாக இருக்கும்: தாருக்கு 26 முதல் 27, ராக்ஸுக்கு 23.9. அவர்கள் டயரின் வளைவைத் தொட்டுக் கோடு போடுகிறார்கள், நாம் தரைப்புள்ளியிலிருந்து போட்டோம். தவிர, 226 மி.மீ. என்பது வண்டியிலேயே ஆகத் தாழ்ந்த இடத்தின் அளவு, நடுவயிறு அதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள், அங்கேயும் கிட்டத்தட்ட அதே 3 டிகிரி.

மற்ற இரண்டு கோணங்களும் இரண்டு வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னால் 41 டிகிரிக்கு மேல், பின்னால் 36 டிகிரியைச் சுற்றி. தண்ணீரில் இறங்கும் ஆழமும் இரண்டுக்கும் 650 மி.மீ. ஆக, இந்த அளவுகளில் ஒரு முழம் கூடியதால் கைவிட்டுப் போவது வயிற்றுக் கோணம் மட்டும்தான்.

அது எங்கே உறைக்கும்? வரப்பைக் குறுக்கே தாண்டும்போது, கூரான மேட்டின் உச்சியில், பெரிய பாறை ஒன்றின் மேல் ஏறி இறங்கும்போது. சேற்றிலோ மணலிலோ ஓடை தாண்டும்போதோ இந்த 3 டிகிரி பேசவே பேசாது. அங்கே டயரும், லோ ரேஞ்ச் கியரும் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு போக வைப்பது), டிஃபரன்ஷியல் லாக்கும்தான் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது) பேசும். தோட்டத்துப் பாதைக்காக வாங்குபவர் இந்தக் கோணத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வாரக்கடைசியில் கிளப் தடங்களில் பாறையேறப் போகிறவருக்கு மட்டும் இது உண்மையான காரணம். அவருக்கு நான் தயங்காமல் த்ரீ டோர் என்பேன்.

படி 5: திருப்பமும் நெடுஞ்சாலையும்

வீல்பேஸ் குறைந்தால் வண்டி சின்ன வட்டத்தில் திரும்பும். ஒரு வண்டி மட்டும் போகும் மண்பாதையில் எதிரே வண்டி வந்து ரிவர்ஸ் எடுக்கும்போது இதன் அருமை தெரியும். ராக்ஸின் ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இயங்கும்) மாடலில் இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். மெதுவாகத் திரும்பும்போது உள்பக்கப் பின் சக்கரத்தை பிரேக் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வண்டி அதைச் சுற்றிச் சுழலும். மண்ணில்தான் அது, தார்ச்சாலையில் முயல வேண்டாம்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறையின் 40 வளைவுகளையும் காட்டிப் பயமுறுத்துவார்கள். அங்கே அரசுப் பேருந்தே தினமும் ஏறி இறங்குகிறது, நான்கரை மீட்டர் ராக்ஸுக்கு என்ன கேடு.

மலையடிவாரம் வரை போகும் நெடுஞ்சாலைதான் வித்தியாசம் தெரியும் இடம். குட்டை வீல்பேஸ் வண்டி சாலை இணைப்புகளில் முன்னும் பின்னும் ஆடும், ஸ்பீட் பிரேக்கரில் பின் சீட்டுக்காரர் துள்ளுவார். நீண்ட வண்டி அமைதியாகப் போகும். சென்னையிலிருந்து மதுரைக்கு மாதம் ஒருமுறை குடும்பத்தோடு போவீர்கள் என்றால் அந்த ஒரு முழம் முழுக்க முழுக்க லாபம்.

படி 6: சாமானை ஏற்றுங்கள்

இரண்டு பெரிய சூட்கேஸ் கொண்டுபோய் டிக்கியில் வைக்கக் கேளுங்கள். த்ரீ டோரில் பின் சீட்டை மடக்காமல் முதுகுப்பைகள் போகும், அவ்வளவுதான். ராக்ஸில் குடும்பச் சாமான் போகும். பின் சீட்டில் ஆள் இல்லாத ஜோடிக்கு இது பிரச்சினையே இல்லை. சீட்டை மடக்கினால் கூடாரம், அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் அடங்கும்.

கூரை மடக்கும் சாஃப்ட் டாப் த்ரீ டோர் தாருக்கு மட்டும் உண்டு. சித்திரை வெயிலில் அதைத் திறந்து ஓட்டும் வீரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

படி 7: ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதா, வரி எவ்வளவு

கதவைப் பார்த்துக்கொண்டே இதைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம். தாரில் பின் சக்கரம் மட்டும் இயங்கும் மாடல்கள் உண்டு. ராக்ஸில் பெட்ரோல் எடுத்தால் ஃபோர் வீல் டிரைவே கிடையாது, டீசலில் மட்டும்தான். ஃபோர் வீல் டிரைவ் உள்ள த்ரீ டோரும் அது இல்லாத ராக்ஸும் சேற்றில் இறங்கினால், ராக்ஸை வெளியே இழுக்கும் வேலை த்ரீ டோருக்குத்தான் வரும்.

வரியில் ஒரு நுணுக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18%, மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40%. சின்னக் கார் என்றால் 4 மீட்டருக்குள் இருந்தால் போதாது, டீசல் இன்ஜின் 1500 சிசிக்குள்ளும் பெட்ரோல் 1200 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். தாரின் 1.5 லிட்டர் டீசல் பின்சக்கர மாடல் இதில் தேறும். அதே தாரின் 2.2 டீசல் ஃபோர் வீல் டிரைவ் தேறாது. ஜிம்னியும் 1.5 லிட்டர் பெட்ரோல் என்பதால் தேறாது. தமிழ்நாட்டுச் சாலை வரியும் விலையைப் பார்த்து ஏறும், அதனால் எக்ஸ்-ஷோரூம் விலையை ஒப்பிடாமல், சாலை வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

படி 8: ஒரே சாலையில் இரண்டையும் ஓட்டுங்கள்

ஷோரூம்காரர் வழவழப்பான மெயின் ரோட்டில் ஒரு ரவுண்டு கூட்டிப்போய் முடித்துக்கொள்ளப் பார்ப்பார். மோசமான தெரு ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைத்து, இரண்டு வண்டியையும் அதே தெருவில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். பாதித் தூரம் நீங்களே பின் சீட்டில் உட்காருங்கள், வாங்குபவர்கள் அநேகமாகச் செய்யாத காரியம் இது. திரும்பி வந்ததும் ஷோரூம் வாசலிலேயே ஒரு யு டர்ன் அடித்துப் பாருங்கள், எத்தனை முறை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

முடிவுக்கு வந்துவிட்டால், முன்பணம் கட்டுவதற்கு முன் புக்கிங் தாளில் மாடல் பெயரை ஒருமுறை வாசியுங்கள். கதவு எண்ணிக்கை, இன்ஜின், கியர், ஃபோர் வீல் டிரைவ் நான்கும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொன்னது டெலிவரி நாளில் செல்லாது.