வாங்கும் கமுகஞ்சலாகையும்: மகளுக்கு நடை பழக்கின விதம்

விசுவமடுவில எங்கட வீட்டுக்கு வாற ஆக்கள் முதல்ல கேக்கிறது, "எண்ணெய் பூசித் தேய்க்கிறனியளோ?" எண்டுதான். தேய்ச்சனாங்கள், நாலு வருசம். பிள்ளைக்குச் சுகமாத்தான் இருந்தது. நடை மட்டும் வரேல்லை.

மகளுக்குப் பெருமூளை வாதம், சின்னனிலயே மூளையில வந்த பாதிப்பால உடம்பு அசைவு தடுமாறுறது. ரண்டு காலும் இறுக்கம், நுனிக்காலில நிப்பாள். இப்ப எட்டு வயது, வோக்கரோட நடக்கிறாள். காலை நாங்கள் பிடிச்சு ஆட்டிக்கொண்டிருந்தால் வேலை செய்யிறது எங்கட கை. அவளே எழும்பி, அவளே அடி வைச்சால்தான் மூளை அதைப் பழகும். இது எனக்கு விளங்கப் பிந்திப்போச்சு.

முதல் வேலை இருந்து எழும்பிறது. நான் மேசன், மிச்சப் பலகையில ஒரு வாங்கு அடிச்சன். இருக்கேக்க பாதம் முழுக்க நிலத்தில படவேணும், முழங்கால் மூலைமட்டம் வைச்ச மாதிரி மடியவேணும். கஷ்டப்பட்டால் வாங்கை உயர்த்துங்கோ, சுகமாக எழும்பினால் பதியுங்கோ. கையில பிடிச்சு இழுக்காதேங்கோ. முன்னால ஒரு கதிரையில பேணியை வையுங்கோ, பிள்ளையின்ர கையில புளியங்கொட்டையைக் குடுங்கோ. பேணிக்குள்ள போடக் குனியேக்க மூக்குக் கால்விரலுக்கு மேல வரும், அப்பத்தான் குண்டி கிளம்பும். முழங்கால் ரண்டும் ஒண்டோடொண்டு முட்டுப்படும். இடையில ஒரு பொச்சுமட்டையை நிமித்தி வைச்சு, "அதில முட்டாமல் எழும்பு" எண்டால் விளையாட்டாகிப்போகும். இருக்கேக்க தொப்பெண்டு விழவிடாதேங்கோ, மெதுவாக இறங்கிறதும் தசைக்கு வேலைதான். பத்துத்தரம், இளைப்பாறி மூண்டு சுற்று, ஒண்டைவிட்ட ஒருநாள். பலப்பயிற்சி குடுத்தால் இறுக்கம் கூடுமெண்டு பயந்தனான். அப்பிடியில்லை.

பிறகு முற்றத்தில ரண்டு பக்கமும் கமுகஞ்சலாகை கட்டினன், பன்னிரண்டு அடி நீளம். விழக்கூடாதெண்டு கமக்கட்டு உயரத்துக்குக் கட்டினதுதான் என்ர பிழை. பிள்ளை தோளில தொங்கிக்கொண்டு போனாள், காலில பாரமே இல்லை. வந்து பாத்த இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சிரிச்சுப்போட்டு, இடுப்பளவுக்கு இறக்கச் சொன்னவர். முழங்கை கொஞ்சம் மடிஞ்சு நிக்கிற உயரம் சரி. நேர நடந்தது போதாது. ஒரு சலாகையை மட்டும் பிடிச்சுப் பக்கவாட்டிலயும் நடக்கவிடுங்கோ, இடுப்பு உறுதிப்படும். நிலத்தை வழவழப்பாகப் பூசாதேங்கோ, மழைக்கு வழுக்கும்.

குதிக்காலுக்குப் பின்னால இருக்கிற தசைநாரை இழுக்கிறது ராவில, படுக்கேக்க. முழங்காலை நீட்டி, குதியை உள்ளங்கையால பிடிச்சு, பாதத்தை மெதுவாக மேல தள்ளி அரை நிமிசம் வைச்சிருக்கிறது. நோகிற அளவுக்கு வேண்டாம். கனநேர இழுவைக்குத்தான் ஸ்பிளின்ட், காலை நேராப் பிடிச்சு வைச்சிருக்கிற கவசம். அதைக் கழட்டினபிறகு சிவந்த அடையாளம் இருபது நிமிசத்தில மறையாட்டில், செய்துதந்த இடத்தில திருத்துவியுங்கோ.

ஒரு விசயம் கட்டாயம். இடுப்பு நொந்தாலோ, காலை விரிக்க முந்தியைவிடக் கஷ்டமெண்டாலோ பயிற்சியை நிப்பாட்டி டொக்டரிட்டைக் காட்டுங்கோ. இப்பிடியான பிள்ளையளுக்கு இடுப்பு மூட்டு மெல்லமெல்ல விலகிப் போகலாம், எக்ஸ்ரேயிலதான் தெரியும். நோவில்லாட்டிலும் அவையள் சொல்லுற தவணைக்குப் படம் எடுங்கோ. வலிப்பு உள்ள பிள்ளையெண்டால் முதலே கேட்டுக்கொண்டு தொடங்குங்கோ.

பின்னேரம் வெயில் தணிய நாங்கள் கடைக்கு வெளிக்கிடுவம். முற்றத்தில நூறுதரம் நடக்கச் சொன்னால் அழுவாள், தோடம்பழ இனிப்பு வாங்கவெண்டால் நடப்பாள். கிரவல் றோட்டில வோக்கர் சில்லுப் புதையுது, அதால ஓரத்தை நானே இடிச்சு இறுக்கி வைச்சிருக்கிறன். கடைக்கு மூண்டு கரண்ட் போஸ்ட் தூரம். தை மாதம் முதல் போஸ்டடியிலயே தூக்கினனான். இப்ப ரண்டாவது மட்டும் வாறாள். அங்க நான் கொண்டுபோற வாங்கில ஒரு இருப்பு. எழும்பேக்க, "அப்பா, இதையும் சேத்தால் முப்பத்தொண்டு" எண்டு கணக்குச் சொல்லுவாள்.