கப்பல் ராத்திரி எங்கே கட்டும்? சின்னக் கப்பலில் டால்மேஷியத் தீவுகளுக்குப் போக வழி

குரோஷியாவின் டால்மேஷியக் கரையில் தீவு தீவாகப் போய் வந்தோம் என்று சொன்னால், ராயபுரத்தில் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாச்சு?" என்றுதான். விலையை அப்புறம் பாருங்கள். கப்பல் ஒவ்வொரு ராத்திரியும் எங்கே கட்டும் என்பதை முதலில் விசாரியுங்கள். ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். எந்தக் கப்பல், எந்த பெர்த், எத்தனை மணிக்கு என்று கேட்டே பழகியவள். அந்தப் பழக்கம் இதற்கு நன்றாக உதவியது.

காரணம் இதுதான். ஆயிரக்கணக்கில் ஆட்களை ஏற்றி வரும் பெரிய கப்பல்கள் காலையில் வந்து சாயங்காலம் போய்விடும். அந்த நேரத்தில் பழைய ஊர்களின் சந்துகளில் நிற்க இடம் இருக்காது. முப்பது நாற்பது பேர் போகும் சின்னக் கப்பல் ஊரின் படித்துறையிலேயே கட்டும். சாயங்காலமும் விடிகாலையும் ஊர் உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் சில திட்டங்களில் ஊரின் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பகலில் இரண்டு மணி நேரம் இறக்கிவிட்டு, ராத்திரிக்கு வேறு எங்கோ போய்விடுவார்கள். அதனால் மெயிலில் இப்படிக் கேளுங்கள்: "ஏழு ராத்திரியும் எந்தெந்த ஊர்? படித்துறையில் கட்டுவீர்களா, விரிகுடாவில் நங்கூரமா?" நங்கூரம் போட்டு நிற்கும் ராத்திரி அழகுதான், ஒன்று இருந்தால் போதும்.

ராத்திரி தங்கியே ஆக வேண்டிய ஊர் என்று நான் சொல்வது கொர்ச்சுலா. மீன் முள்ளைப் போல நடுவில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் சின்னச் சின்னச் சந்துகள். மேற்குச் சந்துகள் நேராக இருக்கும், கோடையில் வீசும் மாஎஸ்ட்ரால் காற்று ஊருக்குள் வர. கிழக்குச் சந்துகள் லேசாக வளைந்திருக்கும், குளிர்காலத்தில் வீசும் 'பூரா' என்ற காற்றைத் தடுக்க. சாயங்காலம் அந்த மேற்குச் சந்தில் நின்று பாருங்கள், முகத்தில் காற்று அடிக்கும். வெனிஸ் பயணி மார்க்கோ போலோ பிறந்த ஊர் என்றும் அவர்கள் பெருமை பேசுவார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் 1298-ல் வெனிசும் ஜெனோவாவும் மோதிய பெரிய கடற்போர் நடந்தது இந்தத் தீவுக்குப் பக்கத்தில்தான். நம் கரையில் இருக்கும் புனித தோமாவின் கல்லறையைப் பற்றி எழுதிய அதே மார்க்கோ போலோ என்று சொன்னதும் என் அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, அவர் பிறந்ததாக ஊரில் காட்டும் வீட்டு வாசலை விட்டு நகரவே இல்லை.

அடுத்து ஹ்வார் தீவு. எல்லோரும் ஹ்வார் டவுனுக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் அதே தீவில் இருக்கும் ஸ்டாரி கிராட் ஊரில் நிற்கும் கப்பலைத் தேடுங்கள். கி.மு. 384-ல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் அங்கே நிலத்தைக் கல்சுவர் வைத்துப் பங்கு பிரித்தார்கள். அந்தப் பங்குகளில் இன்றைக்கும் திராட்சையும் ஆலிவும் விளைகிறது. அந்த வயல்வெளி 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு விடிகாலையில் போங்கள். சமதரைதான், முட்டி வலிக்காரர்களும் போகலாம்.

ஸ்ப்ளிட் என்ற துறைமுக நகரத்தில்தான் பெரும்பாலான கப்பல்கள் சனிக்கிழமை கிளம்பும். விமானத்தை வெள்ளிக்கிழமை இறங்குகிற மாதிரி எடுங்கள். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை, நடுவில் மாறித்தான் ஆக வேண்டும். பை ஒரு நாள் தாமதமாக வந்தாலும் கப்பல் காத்திருக்காது. அந்த ஒரு ராத்திரி வீணும் இல்லை. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-ல் பதவியை விட்டு விலகி வாழ்ந்த அரண்மனைக்குள்ளேயே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய அவருக்குக் கட்டிய கல்லறை மண்டபம்தான், அவர் காலத்தில் கொல்லப்பட்ட புனித டோம்னியஸ் பெயரில் இப்போது பேராலயமாக இருக்கிறது. தோளும் முட்டியும் மூடியிருந்தால்தான் கோயிலுக்குள் விடுவார்கள். கைப்பையில் ஒரு துப்பட்டா எப்போதும் இருக்கட்டும்.

டுப்ரோவ்னிக்கில் சின்னக் கப்பல்கூட பழைய ஊருக்குப் பக்கத்தில் கட்டாது. சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி க்ரூஷ் துறைமுகம், அங்கிருந்து டவுன் பஸ். கோட்டைச் சுவர் 1,940 மீட்டர் சுற்று, நிழலே கிடையாது. திறந்த உடனே ஏறிவிடுங்கள்.

பிஷெவோ தீவின் நீலக் குகை திட்டத்தில் இருந்தால் நல்லது, உறுதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் திறப்பு வழியாக வெயில் உள்ளே வந்து வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த நீலம். பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு உச்சம். சின்னப் படகில் குனிந்துதான் போக வேண்டும். யூகோ என்ற தென்கிழக்குக் காற்று அடித்தால் குகையை மூடிவிடுவார்கள். கேப்டன் பாதையை மாற்றினால் அவரோடு வாதாடாதீர்கள். கடலில் காற்றைப் பார்த்து முடிவெடுக்கிறவர் அவர்.

மாதம்? ஜூன் அல்லது செப்டம்பர். என் ஓட்டு செப்டம்பருக்கு: தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆகஸ்ட் கூட்டம் குறைந்திருக்கும்.

விசா விஷயம். ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு ஷெங்கன். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் அதில் இருக்கிறது, யூரோதான் செலாவணி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் ஸ்லாட் கிடைப்பது கஷ்டம் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கப்பல் மாண்டினீக்ரோவுக்குப் போகிறதா என்று பாருங்கள், அது ஷெங்கனில் இல்லை. ஒரு முறை நுழையும் விசாவோடு அங்கே போனால் திரும்ப நுழைய முடியாது. டுப்ரோவ்னிக்கிலிருந்து ஸ்ப்ளிட்டுக்கு பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: 2022-ல் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போகும் பஸ்தானா, பாஸ்னியா வழியாகவா என்று கேட்டு ஏறுங்கள்.

கேபின் தேர்வு. கீழ்த் தளம் மலிவு, ஜன்னல் சின்ன வட்டம், படி செங்குத்து. முட்டி வலி இருந்தால் கூடுதல் பணம் கொடுத்து மேல் தளம் எடுங்கள். தூங்க மட்டும் கேபினுக்குப் போகிறவர்களுக்குக் கீழ்த் தளமே போதும். படித்துறையில் கப்பல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்காகக் கட்டுவார்கள். காசிமேட்டில் விசைப்படகு விட்டு விசைப்படகு தாண்டிக் கரைக்கு வருவார்களே, அதே மாதிரி நாலு கப்பலின் டெக் வழியாக நடந்துதான் இறங்க வேண்டும். வழுக்காத செருப்பு, இரண்டு கையும் காலியாக ஒரு தோள்பை. ஜன்னலுக்கு நேரே பக்கத்துக் கப்பல் நிற்கும், திரையை மூடிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு பெரும்பாலும் காலையும் மதியமும் கப்பலில், ராத்திரி கரையில் நம் செலவில். அக்கா வெள்ளிக்கிழமை கவிச்சி தொட மாட்டாள். "மீன் வேணாம்னா வெறும் ரொட்டியைக் கையில குடுத்துடப் போறாங்கடி" என்று புலம்பினாள். பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள்: கறி இல்லை, மீன் இல்லை, முட்டை உண்டா இல்லையா என்று தனித்தனியாக. கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டு போட்டு ஆலிவ் எண்ணெயில் வதக்கிய பிளித்வா கிடைக்கும். கூடவே பாக் தீவின் செம்மறி ஆட்டுப்பால் சீஸ். அக்காவுக்கு அதுவே பிடித்துப்போனது. மீன் சாப்பிடுகிறவர்கள் சுட்ட மத்தியைத் தவற விடாதீர்கள். பருப்புப் பொடி எடுத்துப் போகலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், பால் பொருள், கறி இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை.

பெட்டி வேண்டாம், மடங்கும் துணிப்பை போதும்; கேபினில் பெட்டியை விரிக்க இடம் இருக்காது. பருத்தித் துணி எம்.சி. ரோட்டில், இரட்டை ஊசி பிளக் பர்மா பஜாரில். தண்ணீரில் போட ரப்பர் செருப்பு அவசியம், கடற்கரை எல்லாம் கூழாங்கல், பாறையில் முள் முள்ளாகக் கடல் உயிரிகள் ஒட்டியிருக்கும். தினமும் ஒரு இடத்தில் நிறுத்திக் கடலில் குளிக்க விடுவார்கள். கடலோரத்தில் வளர்ந்தும் நம் பெண்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. கூச்சப்படாமல் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஏணி வழியாக இறங்குங்கள். குமட்டினால் கப்பலின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், இஞ்சி மிட்டாய் வாயில் போடுங்கள். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்பே வாங்கி வையுங்கள்.

துறைமுகக் கட்டணம், சுற்றுலா வரி, குடிபானக் கணக்கு எல்லாம் பல கப்பல்களில் தனி, யூரோ நோட்டாகவே கேட்பார்கள். கடைசி ராத்திரியே கணக்கை முடித்துவிடுங்கள். ஊழியர்களுக்கு டிப்ஸை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் கேபினைக் காலி செய்யச் சொல்வார்கள், அதனால் திரும்பும் விமானம் மதியத்துக்கு மேல் இருந்தால் போதும்.