கரண்ட் இருக்கும்போது மோட்டார், இல்லாதபோது காஜா

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் குப்பையில் போட மாட்டோம். பின்பக்கம் எழுதிவைப்போம். ‘கரண்ட் 10.20 போச்சு, 1.05 வந்தது.’ ‘குழாய் ராத்திரி 2.15, ஒன்றரை மணி நேரம்.’ அந்தத் தாள்களை ஊக்கில் குத்திச் சேர்த்துவைத்திருக்கிறேன். மூன்று மாதம் இப்படி எழுதிப் பாருங்கள், அப்புறம் எதையாவது வாங்கலாம். இன்வெர்ட்டர், டேங்க் என்று கடைக்கு ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

நான் தர்மபுரியில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். கரண்ட் இல்லாமல் ஓடாத தொழில், தண்ணீர் இல்லாமல் ஓடாத குடும்பம். எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இரண்டுமே நான் நினைத்த அளவுக்குத் தாறுமாறாக இல்லை. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் காற்றடித்து நாலு தூறல் விழுந்தால் புளியமரக் கிளை கம்பியில் சாயும், கரண்ட் போகும். மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று பகலில் நிறுத்துவார்கள், அது முந்தின நாள் பேப்பரிலேயே வந்துவிடும். குழாய் எங்கள் தெருவுக்கு ஐந்து, ஆறு நாளைக்கு ஒருமுறை வருகிறது, அதுவும் பெரும்பாலும் நடுராத்திரியில்.

தெரிந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டேன். மிஷின் தையல், ஓவர்லாக், அயர்ன் மூன்றுக்கும் கரண்ட் வேண்டும். அளவு வெட்டுவது, காஜா (பட்டன் ஓட்டையைச் சுற்றித் தைப்பது), ஊக்கு, ஹெம்மிங், புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது எதற்கும் வேண்டாம், வெளிச்சம் இருந்தால் போதும். கரண்ட் இருக்கும்போது கைவேலையைத் தொடவே மாட்டேன். ஒரு கூடையில் சேர்த்துக்கொண்டே போவேன், ஃபேன் நின்றதும் கூடையோடு திண்ணைக்கு வந்துவிடுவேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கூடை இருக்கும். மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், துணி துவைப்பது ஒரு பக்கம். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது இன்னொரு பக்கம்.

மிஷினுக்கு மோட்டார் மாட்டியவர்கள் கால் பெடலைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் பெல்ட்டை எடுத்துவிட்டுத் தோல் பெல்ட்டை மாட்ட ஐந்து நிமிடம். நாளை காலை முகூர்த்தம் என்று ஜாக்கெட்டுக்கு ஒருவர் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெடலின் அருமை தெரியும்.

சரி, இன்வெர்ட்டர். கடைக்காரர் எவ்வளவு பெரியது வேண்டும் என்று கேட்டால் முழிக்காதீர்கள், கணக்கு எளிது. 12 வோல்ட், 150 ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி என்றால் இரண்டையும் பெருக்க 1800 வாட்-மணி. அதாவது 1800 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. அவ்வளவும் கைக்கு வராது. இன்வெர்ட்டரே கொஞ்சம் தின்னும், பேட்டரியை அடிவரை வழிக்கவும் கூடாது. 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் ஒன்று 75 வாட், எல்இடி பல்பு 9 வாட். இரண்டு ஃபேன், மூன்று பல்பு என்றால் 177 வாட். ஆறு, ஏழு மணி நேரம் ஓடும். அதே இடத்தில் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு போட்டால் மொத்தமே 87 வாட்தான், நேரம் இரண்டு மடங்காகிவிடும். அதனால் பெரிய பேட்டரி வாங்கக் காசு சேர்ப்பதற்கு முன் ஃபேனை மாற்றிவிடலாம். கரண்ட் பில்லும் குறையும்.

வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள். ஸ்கொயர் வேவ் விலை குறைவு, ஆனால் ஃபேன் ராத்திரி முழுக்க வண்டு மாதிரி ரீங்காரம் போடும், தையல் மோட்டாரும் சூடேறும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுத்தமான தண்ணீர்தானே என்று ஒரு வருடம் கேன் தண்ணீரை ஊற்றினேன். நாலைந்து வருடம் வர வேண்டிய பேட்டரி இரண்டாவது கோடையிலேயே அரை மணி நேரத்தில் படுத்துக்கொண்டது. தப்பு என் மேல்தான். இப்போது மாதம் ஒருமுறை பேட்டரியில் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவையைப் பார்க்கிறேன்; சிவப்புக்கு இறங்கினால் நிரப்புவேன், பச்சைக்கு மேல் ஊற்ற மாட்டேன்.

இன்னொன்று. துணி இருக்கும் அறையில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஏற்றும் எமர்ஜென்சி விளக்கு ஒன்று கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும், எப்போதும் அதே ஆணியில்.

கரண்ட் போனதும் மிஷின், டிவி, ஃபிரிட்ஜ் சுவிட்சுகளை அணைத்துவிட்டு ஒரு பல்பை மட்டும் போட்டுவையுங்கள். வந்த வேகத்தில் இரண்டு, மூன்று முறை போய்ப்போய் வரும். பல்பு ஐந்து நிமிடம் ஆடாமல் எரிந்த பிறகு மற்றதைப் போடலாம். ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் உள்ளே குளிர்ச்சி நிற்கும். கரண்ட் எப்போது வரும் என்று ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கும் ஆட்கள் எங்கள் வீட்டிலும் உண்டு, என்ன செய்ய.

கரண்ட் போவதைவிடப் பயப்பட வேண்டியது பல்பு திடீரென்று வழக்கத்துக்கு மேல் பளீரென்று எரிவது. எங்கள் தெருவில் ஒரு மழை ராத்திரி அப்படித்தான் ஆனது. எதிர்வீட்டில் ஃபேன் பேய் மாதிரி சுற்றுகிறது, எங்கள் டியூப் மங்கிப்போய்விட்டது. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்தால் இப்படி ஆகும். ஒரு வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கும், இன்னொரு வீட்டுக்கு 230 வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறும். யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். நான் இறக்கினேன். எதிர்வீட்டில் டிவியும் செட்டாப் பாக்ஸும் போயின.

புகார் சொல்வதற்கு முன் வாசலுக்கு வந்து பாருங்கள்: நம் வீடு மட்டுமா, தெருவா, ஊரே இருட்டா? நம் வீடு மட்டும் என்றால் முதலில் சொந்த ஃப்யூஸ். தெரு என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987, எந்நேரமும் எடுப்பார்கள். மின் இணைப்பு எண் கேட்பார்கள். அதை மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்டில் எழுதிவிட்டேன். இருட்டில் பழைய ரசீதைத் தேடிய அனுபவம் ஒருமுறை போதும். அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள், கட்டையால் தள்ளிப் பார்க்கும் வீரமும் வேண்டாம்.

கரண்ட், தண்ணீர் மாதிரிதான் குப்பை வண்டியும், சொன்ன நாளில் வராது. மக்குவதைத் தனியாகப் பிரித்து, அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளியில் கொட்டி, ஒவ்வொரு தடவையும் மேலே காய்ந்த இலை போட்டு மூடினால் நாற்றம் வராது. மீதி காய்ந்த குப்பை பத்து நாள் இருந்தாலும் பரவாயில்லை.

இனி தண்ணீர். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் இரண்டு சாதி. போர் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு கூடுதல். என் வயதுக்காரர்கள் சிரித்தாலே தெரியும், பல்லில் பழுப்புக் கோடு. அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இங்கே வந்தது, 2013 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. பலர் தப்பாக நினைப்பது என்னவென்றால், போர் தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற செறிவு கூடத்தான் செய்யும். களி கிண்டுவது, சோறு வடிப்பது, டீ எல்லாவற்றுக்கும் ஒகேனக்கல் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ போர் தண்ணீர். எங்கள் வீட்டில் குடிக்கிற குடத்துக்கு மூடியில் பச்சை நூல் கட்டியிருக்கிறேன், யாரும் மாற்றி மொள்ளக்கூடாது.

நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு இரண்டு குடம் எங்களுக்குப் போதும். ஆறு நாளைக்குப் பன்னிரண்டு, குழாய் ஒருமுறை தவறினால் சமாளிக்க இன்னும் நாலு. அதற்கு மேல் டிரம் டிரம்மாகப் பிடித்துவைத்தால் கொசுவுக்குத்தான் தொட்டி கட்டுகிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். டிரம் காலியானதும் உள்சுவரைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே மிளகுத்தூள் தூவியது மாதிரி கறுப்பாக ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் அலசிக் கவிழ்த்தால் போதாது, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மேலே பழைய காட்டன் வேட்டியை இழுத்துக் கட்டி எலாஸ்டிக் தைத்துப் போட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் மூடியைவிட நன்றாக மூடுகிறது.

சம்ப்பில் 1000 லிட்டருக்கு பிளீச்சிங் பவுடர் சுமார் 4 கிராம், தலை தட்டிய ஒரு டீஸ்பூன். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். கண்டுபிடித்தால் பறிமுதல் செய்வார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், உறிஞ்சும்போது எங்காவது விரிசல் இருந்தால் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும், அது தெருவுக்கே.

நடுராத்திரி வரும் தண்ணீருக்கு விழித்திருப்பதெல்லாம் முன்பு. இப்போது குழாயைத் திறந்துவிட்டு அடியில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவைக்கிறோம். முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் தட்டில் படபடவென்று அடிக்கும். சீரியல் சத்தத்தையே கூட்டிவைக்கும் என் மாமியார்தான் முதலில் எழுவார். முதல் இரண்டு குடம் செம்மண் நிறத்தில் வரும். அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மூன்றாவது குடத்திலிருந்து பிடிக்கிறோம்.