நாட்காட்டித் தாளும் 21 நாளும்

மதிப்புரை எழுதத் தொடங்கிய புதிதில் ஒரு நாவலைப் பாராட்டி எழுதினேன். "கதை நெடுகிலும் ஒலிக்கும் பாட்டியின் குரல் நம்மைக் கட்டிப்போடுகிறது" என்று அதில் ஒரு வரி. அச்சில் வந்த அன்று மாலையே எழுத்தாளர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "ரொம்ப நன்றி அம்மா. ஆனால் பாட்டி 38ஆம் பக்கத்திலேயே இறந்துவிடுகிறாரே" என்று மெதுவாகச் சொன்னார். நான் படித்திருந்தது முன்னுரையும் பின்னட்டையும் முதல் இரண்டு அத்தியாயமும்தான். மீதியை நானே ஊகித்துக்கொண்டேன். இன்றும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் அவர் எதிரே வருவதைப் பார்த்தால் பக்கத்துக் காய்கறிக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். இப்படி வாங்கிய முருங்கைக்காய்க்குக் கணக்கே கிடையாது. அன்றைக்கெல்லாம் வீட்டில் சாம்பார்தான். காரணம் என் வீட்டுக்காரருக்குத் தெரியும், கேட்கமாட்டார்.

அது நடந்து 16 ஆண்டு ஆகிறது. பகலில் ஜூரோங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில் நூல் மதிப்புரை, விடுமுறையில் பயணக் கட்டுரை. "எப்படி அக்கா எழுதுகிறீர்கள்?" என்று கேட்டுவரும் இளையவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். இரண்டு வகை எழுத்துக்கும் ஒரே சோதனைதான். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாக நிறுத்திக் கேளுங்கள்: புத்தகத்தைத் திறக்காத ஒருவர் இதை எழுதியிருக்க முடியுமா? அந்த ஊருக்குப் போகாத ஒருவர்? முடியும் என்றால் அடித்துவிடுங்கள். முதல் சில முறை பக்கத்தில் பாதி போய்விடும். போகட்டும்.

நூலகத்தில் எடுக்கும் புத்தகத்துக்கு 21 நாள் தவணை. அந்தத் தவணையையே நான் மூன்று வாரத் திட்டமாக வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் படிப்பு. யீஷூனில் ரயில் ஏறினால் ஜூரோங் கிழக்கு வரை எனக்கு முழு நேரமும் வாசிப்புதான். கிராஞ்சிக்கும் இயூ டீக்கும் இடையே வழக்கத்தைவிட நீண்ட ஓட்டம். இரண்டு பக்கமும் பச்சை, ஏறி இறங்குபவர் தொல்லை இல்லை. கடினமான அத்தியாயங்களை அந்த இடத்துக்கென்று ஒதுக்கிவைப்பேன். இரவல் புத்தகத்தில் கோடு போடக்கூடாது. ஒட்டும் காகிதமும் பழைய தாளைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. என் கருவி தினசரி நாட்காட்டி. கிழித்த தாளை நான்காக மடித்து வெட்டினால் நான்கு துண்டு. எந்த இடம் என்னை நிறுத்துகிறதோ அங்கே ஒரு துண்டைச் செருகி, அதில் பக்க எண்ணும் ஐந்தாறு சொல்லும் எழுதுவேன். பிடித்த இடம் மட்டுமில்லை, எரிச்சலூட்டிய இடம், புரியாத இடம், ஆசிரியர் சறுக்கிய இடம் எல்லாவற்றுக்கும் துண்டு உண்டு. ஒரு நாவலுக்கு நாற்பது துண்டு சேரும்.

இரண்டாம் வாரம் புத்தகம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கும். தொடவே மாட்டேன். இதைச் சொன்னால் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். அரிசி கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தக் கதையிலிருந்து எது தானாக மனத்தில் எழுகிறது என்று பார்ப்பதற்கே இந்த வாரம். மதிப்புரையின் முதல் வரி அங்கிருந்துதான் வர வேண்டும். ஒரு வாரத்தில் எதுவுமே எழவில்லை என்றால் அதையும் மதிப்புரையில் நாகரிகமாகச் சொல்லலாம்.

மூன்றாம் வாரம் துண்டுகளைச் சமையலறை மேசையில் பரப்புவேன். நாற்பதில் ஆறு தேறும். ஒரு துண்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன். 2011இல் அச்சான ஒரு சிறுகதைத் தொகுப்பு. "ப. 71, மீன் கட்டி 80 காசு" என்று ஒரு துண்டில் எழுதியிருந்தேன். கட்டி என்பது நம் தாத்தா காலத்து நிறுத்தல் அளவு, 600 கிராம் சொச்சம். 2011இல் ஈரச்சந்தையில் யார் கட்டிக் கணக்கில், அதுவும் 80 காசுக்கு மீன் தருவார்கள்? பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பினேன். உள்ளே இருப்பது மறுபதிப்பு. கதைகள் எழுபதுகளில் எழுதப்பட்டவை. அதைப் பார்க்காமல் எழுதியிருந்தால், "இன்றைய இளையரின் சிக்கலை ஆசிரியர் ஏன் தொடவில்லை" என்று குறைபட்டிருப்பேன். இறந்த பாட்டியை மறுபடி பேசவைத்ததற்குச் சமம்.

ஆகவே பதிப்புரிமைப் பக்கத்தை முதலில் படியுங்கள். முதற்பதிப்பு ஆண்டு, இந்தப் பதிப்பின் ஆண்டு, பதிப்பகம், பக்கம், விலை. ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணையும் பாருங்கள். 978-981 என்று தொடங்கினால் சிங்கப்பூர்ப் பதிவு. 978-81, 978-93 என்றால் இந்தியப் பதிவு. நம் எழுத்தாளர்கள் பலர் சென்னையில் அச்சிடுவதால், எண்ணை வைத்து ஆசிரியரின் ஊரைச் சொல்லிவிட முடியாது. பழைய பதிப்பு வேண்டுமானால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் மேல்மாடிகளில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குப் போங்கள். வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். மேல்சட்டை எடுத்துச் செல்லுங்கள், குளிர் எலும்பில் ஏறும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் வீட்டிலிருந்தே புரட்டலாம். அன்றைய மீன் விலையைச் சரிபார்க்கப் போய் இரவு ஒரு மணிவரை திருமண அழைப்புகளையும் காணாமல்போனோர் அறிவிப்புகளையும் படித்துக்கொண்டிருந்த நாளும் உண்டு.

"சிங்கப்பூர்த் தமிழில் முதன்முறையாக" என்று எழுதக் கை பரபரக்கும்போது பேனாவைக் கீழே வையுங்கள். மகதூம் சாயபு 1887இலேயே இங்கே 'சிங்கை நேசன்' என்ற இதழை நடத்தியவர். மறு ஆண்டு அதில் அவர் எழுதிய 'விநோத சம்பாஷணை'யைத்தான் இந்த வட்டாரத்தின் முதல் தமிழ்ச் சிறுகதையாகப் பலர் கொள்கிறார்கள். அத்தனை பழைய வரிசையில் நாம் எதை முதல் என்று சொன்னாலும், அதற்கு முன்னால் ஒருவர் வந்து நிற்பார்.

எழுதும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூல் என்ன செய்ய முயல்கிறது என்பதை அடைமொழி இல்லாமல் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். கதையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சொல்லாதீர்கள். ஆசிரியரின் வரிகள் இரண்டு மூன்றைப் பக்க எண்ணோடு எடுத்துக்காட்டுங்கள். குறை சொன்னாலும் பக்க எண், புகழ்ந்தாலும் பக்க எண். "மனத்தைத் தொட்டது", "விறுவிறுப்பு குறையாமல்", "கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது" போன்றவை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். எனவே எந்தப் புத்தகத்துக்கும் பயன்படாது. எடுத்த புத்தகத்தை நான் எத்தனையோ முறை கீழே வைத்திருக்கிறேன். இயூ டீ வந்தால் அடுத்தவருக்கு இடம்விட வேண்டாமா?

இதைவிடச் சங்கடமான விஷயம் தெரிந்தவர் புத்தகம். இது சின்ன ஊர். இன்று குறை எழுதினால், நாளை தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்க நேரும். நான் வைத்துக்கொண்டிருக்கும் முறை இது. நெருங்கிய நண்பர் என்றால் எழுத மறுத்துவிடுவேன். ஓரளவு பழக்கம் என்றால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவேன். மதிப்புரை முடியும்வரை வெளியீட்டு விழாவுக்குப் போகமாட்டேன். மேடையில் சால்வை போர்த்திக்கொண்டு வந்த கை, மறுநாள் குறையை எழுதத் தயங்கும். என் கை அப்படித் தயங்கியிருக்கிறது. அந்த மதிப்புரையை இப்போது படித்தால் நன்றியுரை மாதிரி இருக்கிறது.

பயணக் கட்டுரைக்கு வருவோம். விமானம் ஏறினால்தான் பயணம் என்று நினைப்பவர்களைத் தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு அனுப்புவேன். 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. கடல் தாண்டி வந்தவர்கள் கரையேறியதும் நன்றி சொல்ல எழுப்பிய இடம். அதன் வாசலில் நின்று கடலைத் தேடுங்கள். கடல் இல்லை, அலுவலகக் கோபுரங்கள்தான் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய கடல் நிரப்பு, கரையைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும், போகாமலே எழுதலாம். என் சோதனைப்படி அடிக்க வேண்டிய வரிகள்தாம். அவற்றைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. வாசலிலிருந்து தண்ணீர் கண்ணில் படும்வரை நான் நடந்தேன். 12 நிமிடம். நடுவே இரண்டு போக்குவரத்து விளக்கு, மதிய உணவுப் பொட்டலத்தோடு ஓடும் ஊழியர் கூட்டம், என் இடது செருப்பு வார் அறுந்தது. இந்த 12 நிமிடத்தை எழுதிய பிறகு, பழைய கரையைப் பற்றி ஒரு வரி எழுத எனக்கு உரிமை கிடைத்துவிட்டது.

பயணக் குறிப்பேடு சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும். புடவைக்காரர்களுக்குக் கைப்பை. அதில் உணர்ச்சிகளை எழுதாதீர்கள். மணி, விலை, ஒலி, காதில் விழுந்த பேச்சு ஆகியவை போதும். உணர்ச்சி வீட்டுக்கு வந்தும் நினைவிருக்கும், விலை மறந்துவிடும்.

புலாவ் உபின் தீவுக்குச் சாங்கி முனையிலிருந்து படகு. 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். பொறுமை இல்லாதவர்கள் மீதி இடத்துக்கும் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். நான் ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்தேன். "துங்கு, துங்கு" என்றார் படகோட்டித் தாத்தா, பொறுங்கள் என்று மலாயில். 25 நிமிடம் பொறுத்தோம். சைக்கிளோடு வந்த ஒரு குடும்பம், தூண்டில்காரர் ஒருவர், மூன்று வாழைத்தாரைக் குழந்தைபோல் மடியில் வைத்திருந்த ஒரு மூதாட்டி. கடப்பது பத்து நிமிடம், காத்திருந்தது அதைப்போல் இரண்டரை மடங்கு. கட்டுரையிலும் அதே விகிதத்தில்தான் எழுதினேன். தீவில் பழைய கல்குவாரிப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது, மரங்களில் நாரைகள். 1851இல் ஒளிவீசத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கருங்கல் போனது இந்தத் தீவிலிருந்துதான். அந்தச் செய்தியை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் ஒரே வரியாக வைத்தேன். அதற்குமேல் போனால் பாடநூல் ஆகிவிடும். திரும்பும்போது கொட்டிய மழையில் பையிலிருந்த இரவல் புத்தகம் ஊறிவிட்டது, விலையைக் கட்டினேன். இப்போது புத்தகம் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பையில்தான் பயணம் போகிறது.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போவதென்றால் குவீன் ஸ்திரீட்டில் 170ஆம் எண் பஸ். சோதனைச் சாவடியில் பையோடு இறங்க வேண்டும், நீங்கள் வந்த பஸ் காத்திருக்காது. வெள்ளிக்கிழமை மாலை போகாதீர்கள். வரிசையில் நின்று படிக்கச் சிறுகதைத் தொகுப்பு நல்லது, நாவல் வேண்டாம்.

செயின்ட் ஜான்ஸ் தீவைப் பற்றி எழுதியதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. என் தாத்தா 1936இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறியவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அதன் பெயர் ஒரு பெரியப்பாவின் பெயரைப் போலப் புழங்கும். இறங்கியதும் அவரை இந்தத் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்தார்கள். 1874 முதல் தீவு அதற்குத்தான் பயன்பட்டது. அங்கே போட்ட சோற்றில் உப்பே இல்லை என்பதை மட்டும்தான் தாத்தா வாழ்நாள் முழுதும் சொன்னார்.

மரீனா சவுத் படகுத்துறையிலிருந்து போனேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையும் எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. பூனைகள் இருந்தன. ஒரு கூட்டம் பாய் விரித்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. திரும்பும் படகைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற கவலை வேறு. வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வரைவில், "தாத்தாவின் காலடி பட்ட மண்ணில் என் கண்கள் பனித்தன" என்று இருந்தது. யீஷூனில் உட்கார்ந்தே எழுதக்கூடிய வரி, அதோடு பொய். அடித்தேன். அந்த இடத்தில், கட்டிக்கொண்டு போன தயிர்சோற்றை ஒரு மரத்தடியில் தின்றதையும், வீட்டில் அவசரத்தில் உப்புப் போட மறந்திருந்ததையும் எழுதினேன். நடந்தது அதுதான். என் அத்தை அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அந்த இடத்தில்தான் அழுதாராம்.

எழுதி முடித்ததும் உரக்கப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். நான் படிக்க ஆரம்பித்தால் வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பார். அவர் மறுபடி கூட்டும் இடத்தில் கட்டுரை தொய்கிறது என்று பொருள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் முதுகைப் பிடித்துத் தலைகீழாக நான்கு முறை உதறுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன். சில மாதம் கழித்து அதே கவிதைத் தொகுப்பை மறுபடி இரவல் வாங்கியபோது 52ஆம் பக்கத்தில் என் துண்டு இருந்தது. ஒரு பக்கம் "இந்த உவமை ஒட்டவில்லை" என்று என் கையெழுத்து. மறுபக்கம் அச்சில் "சந்திராஷ்டமம், வாக்குவாதம் தவிர்க்கவும்". அதற்குக் கீழே, யாரோ ஒரு வாசகர் பென்சிலால் சிறியதாக எழுதியிருந்தார்: "எனக்கு ஒட்டியது."